கசிவுக்குக் காரணம் சீல்தானா?

டிராக்டரின் பின்பக்கத்தில், லிஃப்ட் கைகளுக்குக் கீழே எண்ணெய் சொட்டத் தொடங்கினால் பட்டறையில் கிடைக்கும் தீர்ப்பு பெரும்பாலும் ஒன்றுதான்: சீல் போய்விட்டது, மாற்றிவிடலாம். அந்தத் தீர்ப்பு பாதிதான் சரி. சீல் போயிருக்கும், அதை மாற்றத்தான் வேண்டும். ஆனால் அது ஏன் போனது என்று கேட்காமல் புதியதைப் பொருத்தினால், பழையதைக் கொன்ற அதே காரணம் புதியதையும் கொல்லும். சில நாள் வேலைக்குப் பின் அதே இடம் மறுபடி நனையும். பழி மட்டும் ‘மட்டமான சீல்’ மீது விழும். ஹைட்ராலிக் கசிவைச் சரிசெய்வதில் சீல் மாற்றுவது கடைசிக் கட்டம். கழற்றிய சீலில் தெரியும் சேதத்தைப் பார்த்து அதற்கான காரணத்தைக் கண்டுபிடிப்பதே முதன்மையான வேலை.

சீல் என்னும் அந்த ரப்பர் வளையம் தாங்கும் சுமையைக் கணக்கிட்டால் இது ஏன் முக்கியம் என்பது விளங்கும். கலப்பையை டிராக்டரோடு மூன்று புள்ளிகளில் இணைத்து, எண்ணெய் அழுத்தத்தால் தூக்கி இறக்கும் முறையை 1920-களில் உருவாக்கியவர் அயர்லாந்தில் பிறந்த ஹாரி ஃபெர்குசன். 1939-இல் வந்த ஃபோர்டு 9என் டிராக்டர் அதை உலகெங்கும் பரப்பியது. இன்று கல்டிவேட்டர், ரொட்டவேட்டர் எல்லாம் அந்த இணைப்பில்தான் தொங்குகின்றன. இன்றைய டிராக்டர்களில் இந்த எண்ணெய் 150 முதல் 200 பார் வரை அழுத்தம் பெறுவது சாதாரணம். 80 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிஸ்டன் ஒன்றின் முகப்பு சுமார் 50 சதுர சென்டிமீட்டர். அதன்மீது 150 பார் அழுத்தம் விழுந்தால் மொத்த விசை ஏழரை டன்னைத் தாண்டும். அதே அழுத்தத்தில் இருக்கும் எண்ணெய், பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே உள்ள முடியளவு இடைவெளியில் நழுவிவிடாமல் தடுப்பது சில ரூபாய் விலையுள்ள ஒரு வளையம்.

இவ்வளவு மெல்லிய பொருளால் அது எப்படி முடிகிறது? 1795-இல் இங்கிலாந்தில் ஜோசப் பிராமா நீரழுத்தத்தால் இயங்கும் அழுத்து எந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அதில் பிஸ்டனைச் சுற்றி ஒழுகாமல் செய்வதே பெரிய தலைவலி. இறுக்கமாக அடைத்தால் பிஸ்டன் நகராது. தளர்த்தினால் நீர் பீறிடும். கிண்ணம்போல் வளைத்த தோல் வளையம் அந்தச் சிக்கலைத் தீர்த்தது. அதன் பெருமை பெரும்பாலும் அவர் பட்டறையில் வேலை பார்த்த ஹென்றி மாட்ஸ்லிக்குத் தரப்படுகிறது. கிண்ணத்தின் வாய் அழுத்தம் வரும் பக்கம் திரும்பியிருக்கும். அழுத்தம் கூடக்கூட விளிம்பு விரிந்து சுவரோடு மேலும் இறுகும். அழுத்தம் இறங்கினால் தானே தளரும். டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய நீல்ஸ் கிறிஸ்டென்சன் 1937-இல் விண்ணப்பித்து 1939-இல் காப்புரிமை பெற்ற ஓ-ரிங்கும் இதே தத்துவத்தில்தான் இயங்குகிறது. பள்ளத்தில் சற்று நசுங்கி உட்கார்ந்திருக்கும் வளையத்தை எண்ணெய் ஒரு பக்கமாகத் தள்ளுகிறது. தள்ளப்பட்ட வளையம் இடைவெளியை அடைக்கிறது. ஆக, கசியத் துடிக்கும் எண்ணெயின் விசையே கசிவை அடைக்கும் விசையாகிறது. இதற்கு மூன்று நிபந்தனைகள் உண்டு. வளையம் தொடக்கத்திலேயே போதிய அளவு நசுங்கியிருக்க வேண்டும், அதன் ரப்பருக்கு மீள்தன்மை இருக்க வேண்டும், அது உரசும் உலோகப் பரப்பு வழவழப்பாகவும் இடைவெளி குறுகலாகவும் இருக்க வேண்டும். முதுமையை விட்டுவிட்டால், சீல் கெடுவது பெரும்பாலும் இவற்றில் ஒன்று மீறப்படுவதால்தான்.

எது மீறப்பட்டது என்பதைக் கழற்றிய சீலே காட்டிக்கொடுக்கும். வளையத்தின் ஓரம் எலி கடித்ததுபோல் பிய்ந்திருந்தால், மிகையான அழுத்தம் ரப்பரை இடைவெளிக்குள் பிதுக்கியிருக்கிறது; ரிலீஃப் வால்வையும் தேய்ந்துபோன சிலிண்டரையும் சோதிக்க வேண்டும். ரப்பர் கெட்டிப்பட்டு வெடித்திருந்தால் எண்ணெய் அளவுமீறிச் சூடாகியிருக்கிறது. உப்பி, கொழகொழவென்று ஆகியிருந்தால் ரப்பருக்கு ஒவ்வாத திரவம் உள்ளே போயிருக்கிறது. கனிம எண்ணெயை நைட்ரைல் ரப்பர் நன்றாகத் தாங்கும். கிளைகால் வகை பிரேக் திரவத்துக்கான ஈபிடிஎம் ரப்பரோ அதே எண்ணெயில் ஊறிப் பருத்துவிடும். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் ராடு வளைந்திருக்கலாம், புஷ் தேய்ந்திருக்கலாம். நீளவாக்கில் கோடு கோடாகக் கீறியிருந்தால் எண்ணெயில் மண் கலந்திருக்கிறது. நம் நெல் வயல்களில் கேஜ் வீல் மாட்டிச் சேறடிக்கும் டிராக்டர்களுக்கு இது பழகிய நோய். பல மாடல்களில் கியர் பெட்டிக்கும் ஹைட்ராலிக்குக்கும் ஒரே எண்ணெய்தான். சக்கர அச்சின் ஆயில் சீல் வழியே நுழைந்த சேற்று நீர் அந்த எண்ணெயைப் பால் நிறமாக்கி, லிஃப்ட் சிலிண்டர் வரை போய்த் துருவையும் கீறலையும் உண்டாக்குகிறது. சொட்டுவது ஓரிடத்தில், வினை தொடங்கியது வேறிடத்தில். காற்றுப் போக்குக்கான ப்ரீதர் சேற்றால் அடைபட்டாலும் பெட்டிக்குள் அழுத்தம் ஏறி, நல்ல நிலையில் உள்ள ஆயில் சீல்கள்கூட ஒழுகத் தொடங்கும்.

பொருத்தும்போது நேரும் பிழைகளும் இந்தப் பட்டியலில் அடக்கம். 2.62 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஓ-ரிங்குக்காக 2.1 மில்லிமீட்டர் ஆழத்தில் வெட்டிய பள்ளத்தில் வளையம் சுமார் 20 சதவீதம் நசுங்கும். கடையில் ‘அதே மாதிரி’ என்று தந்த 2.4 மில்லிமீட்டர் வளையத்தைப் போட்டால் நசுங்கல் 12 சதவீதத்துக்குச் சற்று மேலே நின்றுவிடும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் வெப்பத்தில் ரப்பர் சற்றே தட்டையானதும் மெல்லிய வளையம்தான் முதலில் தோற்கும். 100 பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில் ஓ-ரிங்கின் முதுகுக்கு பேக்அப் ரிங் என்னும் கெட்டியான வளையம் வைப்பது வழக்கம். அதை அழுத்தம் வராத பக்கம் வைக்க வேண்டும். பக்கம் மாறினாலோ விட்டுப்போனாலோ புது ஓ-ரிங் விரைவிலேயே பிய்ந்துபோகும். பழைய வளையத்தை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பும்போது பள்ளத்தில் விழும் கீறலும் புதிய கசிவுக்கு வழிவிடும்.

நடவு நேரத்தில் இதையெல்லாம் ஆராய நேரம் ஏது என்று விவசாயி கேட்பது நியாயம். நாற்று முற்றிக்கொண்டிருக்கும்போது வண்டியைப் பட்டறையில் விட்டுவைக்க முடியாது. ஆனால் லிஃப்ட் மூடியைத் திறக்கும் வேலையில் சீலின் விலை மிகச் சிறிய பங்கு. எண்ணெயை வடிப்பது, மூடியை இறக்குவது, கேஸ்கெட் மாற்றுவது, வேலை நிற்பது ஆகியவைதான் செலவு. எல்லாம் திறந்து கிடக்கும்போது சிலிண்டர் சுவரை விரலால் தடவிப் பார்க்கவும், ராடு நேராக இருக்கிறதா என்று சோதிக்கவும், ஃபில்டரைக் கழற்றிப் பார்க்கவும் ஆகும் நேரம் மிகக் குறைவு. அதை மிச்சப்படுத்தினால் முழுச் செலவையும் இரண்டாம் முறை செய்ய நேரும்.

கெட்டியான எண்ணெய் ஊற்றினால் கசிவு குறையுமே என்பது இன்னொரு வாதம். குறையலாம். ஆனால் அந்த எண்ணெயை பம்ப் இழுக்கத் திணறும். இழுப்புக் குழாயில் வெற்றிடக் குமிழிகள் தோன்றி பம்பின் உலோகத்தை அரிக்கும். கசிவை நிறுத்தும் கலவைகளில் பல, ரப்பரை உப்ப வைத்தே வேலை செய்கின்றன. நல்ல சீல்களுக்கும் அதே கதிதான். சீலும் தேயும் பொருள்தானே, முதுமையால் போகாதா என்றும் கேட்கலாம். போகும். பல ஆண்டு உழைத்து, சுற்றிலும் ஒரே சீராகத் தட்டையாகி, உலோகத்தில் குறையேதும் இல்லாதிருந்தால் புதிய சீல் ஒன்றே போதும். ஆனால் அந்த முடிவுக்கு வரவும் பழைய சீலைப் பார்த்தாக வேண்டும்.

தரையில் ஒரு சொட்டும் விழாமல் கசிவு இருக்கலாம் என்பதையும் மறக்கக் கூடாது. தூக்கி நிறுத்திய கலப்பை, எஞ்சினை அணைத்த பின் தானே மெல்ல இறங்கினால், பிஸ்டன் சீலிலோ வால்விலோ எண்ணெய் உள்ளுக்குள்ளேயே தப்புகிறது. வெளிக்கசிவைத் தேடும்போது கையால் தடவவே கூடாது. அழுத்தமான எண்ணெய் ஊசிபோல் தோலைத் துளைத்து உள்ளே போகும்; வெளியே முள் குத்தியது போலத்தான் தெரியும், ஆனால் உடனே அறுவை சிகிச்சை தேவைப்படும். அட்டைத் துண்டை நீட்டிப் பார்ப்பதே முறை. கழற்றும் முன் கலப்பையைத் தரையில் இறக்கி, எஞ்சினை அணைத்து, லீவரை அசைத்து, எஞ்சிய அழுத்தத்தை வெளியேற்ற வேண்டும்.

புதிய சீல் பொருத்திய அன்று கசியாமல் இருப்பது பெரிய சான்று அல்ல. எண்ணெய் சூடேறும் வரை கலப்பையோடு வேலை செய்த பிறகும் அந்த இடம் காய்ந்திருக்க வேண்டும். வண்டியை எடுக்கப் போகும்போது மெக்கானிக்கிடம் பழைய சீலைக் கேட்டு வாங்குங்கள். அது எதனால் கெட்டது, அதற்கு என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். இரண்டுக்கும் பதில் இருந்தால்தான் கூலி கொடுத்த வேலை முடிந்ததாகக் கொள்ளலாம்.