தேயிலைப் பெட்டியில் பிறந்த இசைக்குழு

ஓர் இசைக்குழு எவ்வாறு உருவாகிறது? பணம் இருந்தால் கருவிகளை வாங்கிவிடலாம், திறமை இருந்தால் மேடை தானே தேடி வரும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். உலகப் புகழ் பெற்ற பீட்டில்ஸ் குழுவின் தொடக்க நாட்களை நோக்கினால், இவ்விரண்டும் அரை உண்மைகளே என்பது விளங்கும். அவர்கள் தலைநகராகிய லண்டனில் தோன்றியவர்கள் அல்லர். இங்கிலாந்தின் வடமேற்கில் கப்பல் துறையை நம்பி வாழ்ந்த லிவர்ப்பூல் என்னும் மொபசல் நகரத்துப் பள்ளி மாணவர்கள். புகழ் வந்த பின் நடந்தவை பலரும் அறிந்தவை. அதற்கு முந்திய நான்கைந்து ஆண்டுகளே இக்கட்டுரையின் பொருள்.

எளிய கருவிகள்

1956ஆம் ஆண்டின் தொடக்கத்தில் லானி டானிகன் பாடிய ‘ராக் ஐலண்ட் லைன்’ என்னும் இசைத்தட்டு பிரிட்டனெங்கும் பெரு வெற்றி பெற்றது. ‘ஸ்கிபில்’ எனப்பட்ட அவ்வகை இசைக்குக் கற்றுத் தேர்ந்த வித்துவான்கள் தேவையில்லை. மலிவான ஒரு கிட்டாரும், ‘கார்டு’ எனப்படும் சுரச்சேர்க்கைகள் மூன்றும் தெரிந்தால் பாட்டு நடக்கும். துணி துவைக்கும் நெளிவுத் தகரப் பலகையை, தையற்காரர் விரலில் மாட்டும் உறைகளால் உரசினால் தாளம் கிடைக்கும். இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் தேயிலை வந்திறங்கிய ஒட்டுப்பலகைப் பெட்டியைக் கவிழ்த்து, துடைப்பக் கழி ஒன்றை அதன்மேல் நிறுத்தி, கழி நுனிக்கும் பெட்டிக்கும் இடையே கயிறு கட்டி மீட்டினால் கீழ்ச்சுரம் முழங்கும். பாட்டுப் பாட வேண்டுமென்ற ஆசையுள்ள எந்தச் சிறுவனும் இனிக் காத்திருக்க வேண்டியதில்லை. ஊருக்கு ஊர், தெருவுக்குத் தெரு இத்தகைய குழுக்கள் முளைத்தன.

குவாரி பேங்க் பள்ளியில் பயின்ற ஜான் லென்னனும் தம் நண்பர்களைக் கூட்டி ஒரு குழு அமைத்தார். பள்ளியின் பெயரையொட்டி அதற்குக் ‘குவாரிமென்’ என்று பெயர். தாயார் ஜூலியா பாஞ்சோ வாசிக்கத் தெரிந்தவர். மகனுக்கு முதற்பாடம் சொன்னவர் அவரே. அதனால் ஜான் தொடக்கத்தில் கிட்டாரையே பாஞ்சோ முறையில் வாசித்தார் என்பர். நண்பர் பீட் ஷாட்டனுக்கு இசை அவ்வளவாக வராது. ஆகவே அவர் கைக்குத் தகரப் பலகை வந்து சேர்ந்தது. அக்குழுவைப் பிணைத்தது நட்பே ஆகும்.

காலமும் துணை நின்றது. போருக்குப் பின் பிரிட்டனில் பதினெட்டு வயது நிரம்பிய இளைஞர்கள் ஈராண்டு கட்டாய ராணுவப் பணி செய்ய வேண்டியிருந்தது. 1957இல் அரசு அதனைக் கைவிட முடிவு செய்து, 1960உடன் ஆள் எடுப்பை நிறுத்தியது. 1940இல் பிறந்த ஜானும் அவருக்கு இளையவர்களும் இதனால் தப்பினர். இல்லையேல் குழு கைகூடும் தருணத்தில் ஒவ்வொருவராகப் படைமுகாமுக்குச் சென்றிருப்பர்.

தலைவனின் சோதனை

1957 ஜூலை 6ஆம் நாள், லிவர்ப்பூலின் புறநகராகிய உல்டனில், புனித பீட்டர் தேவாலயத்துக் கோடை விழாவில் குவாரிமென் பாடினர். அன்று மாலை தேவாலய மண்டபத்தில், இருவருக்கும் பொது நண்பரான ஐவன் வான், பதினைந்து வயதுப் பால் மெக்கார்ட்னியை ஜானுக்கு அறிமுகம் செய்து வைத்தார். பால் கிட்டாரை வாங்கி, எட்டி காக்ரனின் ‘ட்வென்டி ஃபிளைட் ராக்’ பாடலைச் சொல் பிசகாமல் பாடிக் காட்டினார். கிட்டாரைச் சுருதி கூட்டவும் அவருக்குத் தெரிந்திருந்தது.

இங்கேதான் ஜானுக்குச் சோதனை வந்தது. இவரைச் சேர்த்தால் குழு வலுப்பெறும். தம் தனித் தலைமை குறையும். விட்டுவிட்டால் தலைமை நிற்கும். குழு மற்ற நூற்றுக்கணக்கான குழுக்களுள் ஒன்றாகவே இருக்கும். இந்த ஊசலாட்டத்தைப் பின்னாளில் ஜானே கூறியிருக்கிறார். முடிவில் குழுவின் வலிமையையே தேர்ந்தார். அழைப்பைப் பாலிடம் கொண்டுபோய்ச் சொன்னவர் யார் தெரியுமா? தகரப் பலகைக்காரர் பீட் ஷாட்டன்தான்! சில நாட்களில் அவர் குழுவை விட்டு விலகினார். ஜானுடன் நட்பு மட்டும் நிலைத்தது.

அடுத்து, பால் தம் பள்ளித் தோழர் ஜார்ஜ் ஹாரிசனை அழைத்து வந்தார். வயது மிகக் குறைவு என்று ஜான் தயங்கினார். கைத்திறன் தயக்கத்தை வென்றது. 1958இல் ஜார்ஜ் சேர்ந்ததும், தொடக்க முதல் கிட்டார் வாசித்த எரிக் கிரிபித்ஸ் ஒத்திகைக்கு அழைக்கப்படாமலே விலக்கப்பட்டார். திறமைக்கு இடம் தரும்போது நட்பு செலுத்தும் விலை இது. இதை மறைத்துவிட்டு இவர்களைப் புகழ்வது நேர்மையாகாது.

ஒத்திகைக்கு இடம்

கருவியும் துணையும் கிடைத்தாலும் ஒலி எழுப்ப ஓர் இடம் வேண்டுமே! பாலின் தந்தையார் இளமையில் ஜாஸ் குழு நடத்தியவர். அவர் வேலைக்குச் சென்ற வேளைகளில் அவருடைய சிறிய வீட்டில் பாலும் ஜானும் அமர்ந்து பாட்டுக் கட்டினர். ஜான் சேர்ந்த ஓவியக் கல்லூரியும், பாலும் ஜார்ஜும் பயின்ற பள்ளியும் அடுத்தடுத்த கட்டடங்கள். மதிய இடைவேளையில் மூவரும் கல்லூரியில் கூடி வாசித்தனர். 1959 ஆகஸ்டில் மோனா பெஸ்ட் என்னும் அம்மையார் தம் வீட்டு நிலவறையை இளைஞர்களுக்கான காப்பி மன்றமாக்கினார். அதன் சுவர்களுக்கு வண்ணம் பூசியதில் இவர்களுக்கும் பங்குண்டு; திறப்பு நாளில் இவர்களே பாடினர். ஓராண்டுக்குப் பின், அவ்வம்மையாரின் மகன் பீட் டிரம் வாசிக்க, பீட்டில்ஸ் என்ற பெயருடன் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகருக்குச் சென்றனர். அங்கு இரவு தோறும் மணிக்கணக்கில் வாசித்தது அவர்களைப் பண்படுத்தியது. 1962இல் பீட்டின் இடத்துக்கு ரிங்கோ ஸ்டார் வந்தார். அவ்வாண்டு அக்டோபரில் ‘லவ் மீ டூ’ இசைத்தட்டு வெளிவந்தது.

முடிவாக

எளிய கருவி, கூடுவதற்கு ஓர் அறை, அதைத் திறந்துவிடும் பெரியவர்கள், தம்மினும் வல்லவரைப் பக்கத்தில் அமர்த்திக்கொள்ளும் மனம் ஆகிய நான்கும் கூடியபோதே குழு உருவாயிற்று. முதல் மூன்றும் அன்று பிரிட்டனில் எத்தனையோ ஊர்களில் இருந்தன. நான்காவதுதான் அரிது, அதற்குக் காசு வேண்டியதில்லை என்றாலும் அதுவே விலை மிக்கது.

விலகியவர்களும் இசையை அடியோடு மறக்கவில்லை. அந்தக் கோடை விழாவின் நாற்பதாம் ஆண்டாகிய 1997இல் பழைய குவாரிமென் மீண்டும் ஒன்றுகூடிப் பாடினர். உலகம் அவர்களை மறந்திருந்தாலும், சேர்ந்து பாடிய இன்பத்தை அவர்கள் மறக்கவில்லை. நாடகமோ, கையெழுத்து இதழோ, பாட்டுக் கச்சேரியோ எதைத் தொடங்கினாலும் மாணவ நண்பர்கள் இவ்விரு பகுதியையும் சேர்த்தே நினைவில் கொள்ள வேண்டும்.