உருகும் க்ரீம்... நறநறக்கும் ஐஸ்... கல்லாகும் கேக்! ஐஸ்க்ரீம் கேக்கில் ஹோம் பேக்கர்கள் சறுக்குவது எங்கே?

கத்திரி வெயில் நேரம். வழக்கமா வெண்ணிலா, சாக்லேட் கேக் செய்து கொடுக்கும் ஒரு ஹோம் பேக்கருக்கு முதல்முறையா ஒரு ஆர்டர் வருது. 'குழந்தைக்கு முதல் பர்த்டே. மாம்பழ ஐஸ்க்ரீம் கேக், 2 கிலோ. நாளைக்கு சாயங்காலம் 6 மணிக்கு வேணும்.'

சரின்னு சொல்லியாச்சு. அட்வான்ஸும் வந்தாச்சு. அதுக்கப்புறம்தான் ஒவ்வொண்ணா ஆரம்பிக்குது. க்ரீம் நிற்கல, ஐஸ் நறநறங்குது, ராத்திரி கரண்ட் வேற போயிடுச்சு. கற்பனைக் காட்சிதான் இது. ஆனா, வீட்டில் ஐஸ்க்ரீம் கேக் முயற்சி செய்த பலருக்கும் இதில் ஒன்றாவது நடந்திருக்கும். ஏன் இப்படி ஆகுது? எதைச் சரி செய்யலாம், எதைக் கீழே கொட்டியே ஆகணும்? பார்க்கலாம்.

சறுக்கல் 1: அடிக்க அடிக்கத் தண்ணியாகும் க்ரீம்

விப்பிங் க்ரீம் பொங்கி நிற்கக் காரணம், அதில் இருக்கும் கொழுப்பு. க்ரீம் ஜில்லுனு இருக்கும்போது கொழுப்புத் துளிகள் பாதி உறைந்த நிலையில் இருக்கும். பீட்டரால் அடிக்கும்போது உள்ளே போகும் காற்றுக் குமிழ்களைச் சுற்றி அவை ஒன்றோடு ஒன்று ஒட்டி, சுவர் மாதிரி நிற்கும். சூடு ஏறினால் கொழுப்பு இளகிவிடும். சுவரும் நிற்காது, காற்றும் தங்காது.

மே மாதச் சமையலறையில் 35 டிகிரிக்கு மேல் இருக்கும். அங்கே வைத்து அடித்தால் க்ரீம் நிற்காதது உங்கள் கைத்தவறு இல்லை. கிண்ணத்தையும் பீட்டர் கம்பிகளையும் 15 நிமிடம் ஃப்ரீசரில் வையுங்கள். பெரிய பாத்திரத்தில் ஐஸ் கட்டிகளைப் போட்டு, அதன் மேல் கிண்ணத்தை வைத்து அடியுங்கள். இளகிப்போன க்ரீமைத் தூக்கிப் போட வேண்டாம். ஃப்ரிட்ஜில் நன்றாகக் குளிர வைத்து மறுபடி அடிக்கலாம்.

இன்னொரு தப்பு, க்ரீமையே மாற்றி வாங்குவது. கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் ஃப்ரெஷ் க்ரீமில் கொழுப்பு 25 சதவீதம் அளவில்தான் இருக்கும். அது கிரேவிக்கு ஓகே. பொங்கி நிற்க 30 சதவீதத்துக்கு மேல், 35 சதவீதம் இருந்தால் இன்னும் நல்லது. பாக்கெட்டில் பார்த்து வாங்குங்கள்.

ரொம்ப நேரம் அடித்துவிட்டால் நேர் எதிர்ப் பிரச்னை. க்ரீம் திரிதிரியாகும். லேசாகத் திரிந்திருந்தால், அடிக்காத குளிர்ந்த க்ரீம் ஒன்றிரண்டு ஸ்பூன் ஊற்றி, கரண்டியால் மெதுவாகக் கலந்தால் சரியாகும். பால் க்ரீம் தண்ணீர் தனியாகப் பிரிந்துவிட்டால் அது வெண்ணெய். நெய் காய்ச்சுவதுதான் ஒரே வழி!

சறுக்கல் 2: வாயில் நறநறக்கும் ஐஸ்

கடை ஐஸ்க்ரீமை மிஷினில் கிளறிக்கொண்டே உறைய வைப்பார்கள். அதனால் பனித்துகள்கள் நாக்குக்குத் தெரியாத அளவுக்குச் சின்னதாக இருக்கும். வீட்டு ஃப்ரீசரில் கலவை அசையாமல் மெதுவாக உறைவதால் துகள்கள் பெரிதாக வளரும். அதுதான் அந்த நறநற.

மாம்பழ ஐஸ்க்ரீமில் இது இன்னும் அதிகம். மாம்பழத்தில் 80 சதவீதத்துக்கும் மேல் தண்ணீர்தான். பழத்தை அரைத்து அப்படியே ஊற்றினால் தண்ணீரை ஊற்றிய மாதிரி. அரைத்த விழுதை அடிகனமான பாத்திரத்தில் பாதியாக வற்றும் வரை கிளறி, முழுசா ஆறவைத்த பிறகு க்ரீமில் சேருங்கள்.

'சர்க்கரை கம்மியா போடுங்க' என்று கஸ்டமர் சொல்வதுண்டு. இதில் ஒரு சிக்கல் இருக்கு. சர்க்கரை இனிப்புக்கு மட்டும் இல்லை. சர்க்கரை கரைந்த தண்ணீர் சீக்கிரம் உறையாது. மைனஸ் 18 டிகிரியிலும் ஐஸ்க்ரீமில் கொஞ்சம் தண்ணீர் உறையாமல் இருக்கும், அதனால்தான் ஸ்பூன் உள்ளே இறங்குது. கண்டென்ஸ்டு மில்க் சேர்க்கும் ரெசிபிகள் மிஷின் இல்லாமலே மென்மையாக வர இதுவும் ஒரு காரணம். சர்க்கரையைப் பாதியாகக் குறைத்தால் கிடைப்பது பாறை.

உறைந்த பிறகும் கவனம் தேவை. ஃப்ரீசர் கதவை அடிக்கடி திறந்தால் மேல்பகுதி லேசாக உருகி மறுபடி உறையும். ஒவ்வொரு தடவையும் துகள் பெரிதாகும். டப்பாவை உள்பக்கமாகத் தள்ளி வையுங்கள். க்ரீமின் மேல் ஒட்டுகிற மாதிரி க்ளிங் ஃபிலிம் போட்டு மூடுங்கள். அதே ஃப்ரீசரில் மீன் இருந்தால் இது ரொம்ப முக்கியம். கொழுப்பு பக்கத்தில் இருக்கும் வாசனையை இழுத்துக்கொள்ளும்!

சறுக்கல் 3: கத்தி இறங்காத கேக்

வெண்ணெய் போட்டுச் செய்த ஸ்பாஞ்ச், சாதாரணமாகச் சாப்பிட அருமையா இருக்கும். ஃப்ரீசரில் வைத்தால் வெண்ணெய் இறுகி, கேக் கட்டையாகிவிடும். ஐஸ்க்ரீம் கேக்குக்கு எண்ணெய் சேர்த்த ஸ்பாஞ்ச்தான் பொருத்தம். மெல்லிய அடுக்காக வெட்டி, சர்க்கரைப் பாகு தடவிவிட்டால் இன்னும் மிருதுவாக இருக்கும். வெட்டுவதற்கு 15, 20 நிமிடம் முன்பு ஃப்ரீசரிலிருந்து ஃப்ரிட்ஜுக்கு மாற்றுங்கள். கத்தியை வெந்நீரில் முக்கித் துடைத்துவிட்டு வெட்டினால் அழகாக இறங்கும்.

சறுக்கல் 4: செட் ஆகாத அன்னாசி ஜெல்லி

மேலே ஜெலட்டின் கலந்த அன்னாசி ஜெல்லி ஊற்றி, மணிக்கணக்கா காத்திருந்தும் தண்ணியாவே இருக்கா? ஜெலட்டின் ஒரு புரதம். பச்சை அன்னாசி, பப்பாளி, கிவி பழங்களில் புரதத்தை உடைக்கும் என்சைம் இருக்கு. எவ்வளவு ஜெலட்டின் போட்டாலும் அது உடைத்துவிடும். பழத்தைக் கொதிக்க வைத்து ஆறிய பிறகு சேர்த்தால் என்சைம் செயலிழந்துவிடும். இல்லையென்றால் கடல்பாசி எனப்படும் சைனா கிராஸ் பயன்படுத்தலாம். அது புரதம் இல்லை, சைவமும்கூட.

கரண்ட் போயிடுச்சு... இனி என்ன?

இதுவரை சொன்னதெல்லாம் ருசி சம்பந்தப்பட்டது. இது உடம்பு சம்பந்தப்பட்டது.

கதவைத் திறக்காமல் இருந்தால், நிறைய பொருள் இருக்கும் ஃப்ரீசர் சுமார் 48 மணி நேரமும், பாதி நிறைந்தது சுமார் 24 மணி நேரமும் குளிரைத் தாங்கும் என்பது பொதுவான கணக்கு. நம்ம ஊர் வெயிலுக்கும், ஃப்ரிட்ஜோடு சேர்ந்த சின்ன ஃப்ரீசருக்கும் இது குறையும். எனவே முதல் வேலை, 'உருகிடுச்சா' என்று திறந்து திறந்து பார்க்காமல் இருப்பது.

தூங்கும்போது கரண்ட் போய் வந்தது தெரியலையா? ஒரு டம்ளர் தண்ணீரை உறைய வைத்து, மேலே ஒரு நாணயத்தை வைத்துவிடுங்கள். காலையில் நாணயம் உள்ளே இறங்கி உறைந்திருந்தால், இடையில் நன்றாக உருகியிருக்கு என்று அர்த்தம்.

'மறுபடி உறைஞ்சிடுச்சே, கிருமி செத்திருக்குமே' என்று பலர் நினைக்கிறார்கள். இது தவறு. ஃப்ரீசர் கிருமிகளைத் தூங்க வைக்கும், கொல்லாது. பால், க்ரீம் சேர்த்த கலவை முழுசா உருகி, குளிர்ச்சி போய் 2 மணி நேரத்துக்கு மேல் இருந்திருந்தால் அதை மறுபடி உறைய வைத்துக் கொடுக்கக் கூடாது. முட்டை சேர்க்கும் ரெசிபி என்றால், பாலோடு சேர்த்து 71 டிகிரிக்கு மேல் சூடாக்கிய கஸ்டர்டாக மட்டும் பயன்படுத்துங்கள். பச்சை முட்டை வேண்டாம். சின்னக் குழந்தைகள், கர்ப்பிணிகள், வயதானவர்கள் சாப்பிடும்போது இது இன்னும் முக்கியம்.

டெலிவரியும் பெயரும்

தெர்மோகோல் பெட்டி, முந்தைய நாளே உறைய வைத்த ஜெல் பேக்குகள், கைக்கெட்டும் தூரம். முதல் ஆர்டருக்கு இது போதும். ட்ரை ஐஸ் வைக்கிறீர்களா? அதன் குளிர் மைனஸ் 78 டிகிரி. வெறும் கையால் தொடக் கூடாது. காற்றுப் புகாத டப்பாவில் அடைக்கக் கூடாது. காரில் ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும். குழந்தைகள் பக்கத்தில் போகும் முன் எடுத்துவிட வேண்டும்.

இன்னொரு விஷயம். இந்திய உணவுத் தர விதிகளின்படி, சாதாரண ஐஸ்க்ரீமில் குறைந்தது 10 சதவீதம் பால் கொழுப்பு இருக்க வேண்டும். பால் கொழுப்புக்குப் பதிலாகத் தாவரக் கொழுப்பு என்றால் அதன் பெயர் 'ஃப்ரோசன் டெசர்ட்'. நான் டெய்ரி விப்பிங் க்ரீமில் செய்தால், அதைக் கஸ்டமரிடம் முன்னாடியே சொல்லிவிடுங்கள்.

கடைசியாக, நேரம். 6 மணிக்கு டெலிவரி என்றால் அன்று காலையில் ஆரம்பிக்கக் கூடாது. அடுக்குகள் தனித்தனியாக உறையவே பல மணி நேரம் ஆகும். 2 நாள் அவகாசம் கேளுங்கள். முடிந்தால் முதலில் வீட்டுக்கு ஒன்று செய்து பாருங்கள். எல்லாம் மீறிக் கேக் உருகிவிட்டால், போன் செய்து உண்மையைச் சொல்லி, பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். போவது ஒரு ஆர்டர்தான். பர்த்டேக்கு வந்த குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்தால், அந்த வீட்டிலிருந்து மட்டுமல்ல, அந்தத் தெருவிலிருந்தே அடுத்த ஆர்டர் வராது.