குரலோடு குரல் சேர்ந்த காலம்

1950களின் நியூயார்க்கில், ஹார்லெமிலும் பிராங்ஸிலும், பள்ளிக்கூடப் பையன்கள் பாடுவதற்கு இடம் தேடி அலைந்தார்கள். குரல் கணீரென்று திரும்பி வரும் இடமாக இருக்க வேண்டும். அடுக்குமாடிக் கட்டடத்தின் மாடிப்படி, சுரங்க ரயில் நிலையம், பள்ளியின் கழிப்பறை என்று ஓடு பதித்த சுவர் எங்கே இருந்ததோ அங்கே நாலைந்து பேர் கூடிவிடுவார்கள். வாத்தியம் வாங்கக் காசு கிடையாது. ஆகவே வாத்தியத்தின் வேலையையும் தொண்டையே பார்த்தது. அடிக்குரல்காரன் தாளத்தைத் தாங்கிப் பிடிப்பான். இரண்டு பேர் பொருளில்லாத அசைகளைச் சொல்லி நடுவை நிரப்புவார்கள். ஒருவன் கள்ளக்குரலில் எல்லாருக்கும் மேலே மிதப்பான். பாட்டைச் சொல்பவன் இவர்களுக்கு நடுவே நிற்பான். 'டூ-வாப்' என்ற பெயர் இந்தப் பாட்டுக்குப் பிறகுதான் வந்தது.

நம் சங்கீதத்தில் பல பேர் சேர்ந்து பாடினாலும் எல்லாரும் ஒரே சுரத்தில் நிற்பார்கள். இங்கே ஒருவர் ஷட்ஜத்தில் நிற்க, இன்னொருவர் காந்தாரத்தையும் மூன்றாமவர் பஞ்சமத்தையும் அதே கணத்தில் பிடிக்கிறார்கள். அதுதான் ஹார்மனி. 1993இல் வந்த 'திருடா திருடா'வில் ஷாகுல் ஹமீது பாடிய 'ராசாத்தி' பாட்டை நினைத்துக்கொண்டால் போதும். ஏ.ஆர். ரஹ்மான் அதில் வாத்தியங்களை ஒதுக்கிவிட்டுப் பின்னணி முழுவதையும் மனிதக் குரல்களாலேயே கட்டியிருந்தார்.

குரல்கள் சரியாகச் சேரும்போது ஒன்று நடக்கும். நால்வரில் யாருமே பாடாத ஒரு ஒலி மேலே எழும். அமெரிக்காவில் நாலு குரலாகப் பாடும் பார்பர்ஷாப் பாடகர்கள் இதைக் குரல் மணியடிக்கிறது என்கிறார்கள். தம்புராவை நன்றாகச் சுருதி சேர்த்தால், யாரும் மீட்டாத அந்தர காந்தாரம் தானாகக் கேட்கிறதே, அதே இயற்கைதான் இதுவும். பியானோவின் காந்தாரம் அந்த இடத்தில் இல்லை. ஒரு சுரத்தானத்துக்கும் அடுத்ததற்கும் உள்ள தூரத்தை நூறு கூறாக்கினால், பியானோவின் காந்தாரம் இயற்கையான காந்தாரத்தைவிடச் சுமார் 14 கூறு ஏறி நிற்கும். பழகிய பாடகர்கள் கணக்கெல்லாம் பார்க்காமல், பக்கத்தில் நிற்பவரின் குரலைக் கேட்டுத் தங்கள் குரலை ஒரு இழை இறக்கிக்கொள்வார்கள். பிறரைக் கேட்கத் தெரியாதவர் இந்தக் குழுக்களில் ஒரு நாள்கூடத் தாக்குப்பிடிக்க முடியாது.

டூ-வாப்பின் வேர் கறுப்பின மக்களின் தேவாலயங்களில் பாடிய நால்வர் குழுக்களிலும், முடிதிருத்தும் கடைகளில் கூடிப் பாடிய பழக்கத்திலும் இருந்தது. 1930களின் தொடக்கத்தில் ஒஹாயோ மாநிலத்தின் பிக்வா ஊரிலிருந்து வந்த மில்ஸ் சகோதரர்கள் நால்வரும் டிரம்பெட், டியூபா ஒலிகளை வாயாலேயே எழுப்பினார்கள். ஒரு கிட்டாரைத் தவிர வேறு வாத்தியம் எதுவும் இதில் இல்லை என்று இசைத்தட்டிலேயே அச்சிட வேண்டியிருந்தது, அத்தனை தத்ரூபம். 1936இல் அடிக்குரல் பாடிய மூத்தவர் ஜான் இறந்தபோது அந்த இடத்துக்கு அவர்களுடைய அப்பாவே வந்து நின்றார்.

பிறகு வந்த டூ-வாப் அலை பெரியது. பென்குவின்ஸ் குழுவின் 'எர்த் ஏஞ்சல்' 1954இல் லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு கார் ஷெட்டில் பதிவானது. ஃபைவ் சாட்டின்ஸ் குழு 1956இல் நியூ ஹேவன் ஊரில் ஒரு தேவாலயத்தின் நிலவறையில் பாடிய காதல் பாட்டை இன்றைக்கும் வானொலியில் கேட்கலாம். அதே ஆண்டு ஃபிராங்கி லைமன் என்ற 13 வயதுப் பையன் டீனேஜர்ஸ் குழுவோடு ஒரு பாட்டைப் பாடி நாட்டையே கலக்கினான். 25 வயதில் போதைக்குப் பலியானான். அந்தப் பாட்டை நாங்களும் எழுதினோம் என்று குழுவிலிருந்த இருவர் தொடுத்த வழக்கில் 1992இல் தீர்ப்பு அவர்கள் பக்கம் வந்தது. 1996இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், காலம் கடந்து வந்தீர்கள் என்று அதைத் தள்ளிவிட்டது. அந்தப் பொற்காலத்தைப் பற்றிப் பேசும்போது இதையும் சொல்லியாக வேண்டும். அந்தப் பிள்ளைகளின் குரலை விற்றுப் பணக்காரர் ஆனவர்கள் வேறு ஆட்கள்.

1964இல் பீட்டில்ஸ் வந்து டூ-வாப்பைத் துடைத்துவிட்டார்கள் என்பார்கள். அது பாதி உண்மைதான். பீட்டில்ஸே எவர்லி சகோதரர்களைக் கேட்டுப் பாடப் பழகியவர்கள். 1969இல் 'பிகாஸ்' பாட்டுக்காக மூன்று பேர் சேர்ந்து மூன்று தடவை பாடி ஒன்பது குரலாக அடுக்கினார்கள். டெட்ராய்ட்டில் மோட்டவுன் நிறுவனத்தின் டெம்ப்டேஷன்ஸும் ஃபோர் டாப்ஸும் இருந்தார்கள். ஃபோர் டாப்ஸின் நால்வரும் 1953இல் சேர்ந்து, 1997இல் லாரன்ஸ் பேட்டன் இறக்கும்வரை ஆள் மாறாமல் பாடினார்கள். 44 ஆண்டுகள்! கலிஃபோர்னியாவில் பீச் பாய்ஸ் குழுவின் பிரையன் வில்சன், ஃபோர் ஃபிரெஷ்மென் குழுவின் இசைத்தட்டுகளைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, ஒவ்வொரு குரலையும் பியானோவில் தனித்தனியாகப் பிரித்தெடுத்துத் தம்பிகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். அவருக்கு வலது காது ஏறக்குறைய கேட்காது. 2025 ஜூனில் அவர் மறைந்தபோது, ஒரு காதை வைத்துக்கொண்டு இத்தனை குரல்களைப் பின்னியவர் இனி எப்போது வருவார் என்றுதான் எனக்குத் தோன்றியது.

பிராங்ஸின் தெருமுனை எப்போதோ மாறிவிட்டது. 1973 வாக்கில் அங்கே ராப் பிறந்தது. வாத்தியம் இல்லாத பிள்ளைகள் இந்த முறை இசைத்தட்டு சுழற்றும் மேசையையே வாத்தியமாக்கிக்கொண்டார்கள். அதே ஏழ்மை, அதே சாமர்த்தியம். அதைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் 1975இன் நிதி நெருக்கடியில் நியூயார்க் நகரம் ஆயிரக்கணக்கான ஆசிரியர்களை வீட்டுக்கு அனுப்பியபோது இசை ஆசிரியர்களும் போனார்கள். அதை எப்படி மன்னிப்பது?

கடைசிப் பேரலை ஃபிலடெல்ஃபியாவிலிருந்து வந்தது. கலைக்கான அரசுப் பள்ளி ஒன்றில் சந்தித்து, கழிப்பறையில் ஒத்திகை பார்த்த பையன்கள்தான் பாய்ஸ் டூ மென். 1992இல் 'எண்ட் ஆஃப் தி ரோட்' 13 வாரம் முதலிடத்தில் இருந்தது. 1995இல் மரியா கேரியோடு பாடிய 'ஒன் ஸ்வீட் டே' 16 வாரம் இருந்தது. அந்தச் சாதனையை 2019இல் 19 வாரங்களோடு தாண்டியது லில் நாஸ் எக்ஸின் 'ஓல்ட் டவுன் ரோட்'. அதன் அடிப்படை இசையை அவர் இணையத்தில் 30 டாலருக்கு வாங்கியிருந்தார். ஒரு பையன், ஒரு கணினி, 30 டாலர். நாலு பேருக்குப் பயணச் செலவு, நாலு பங்கு ராயல்ட்டி, நாலு பேரின் சண்டை என்று எந்த நிறுவனம் இனி கணக்குப் போடும்?

இதற்கிடையே 1997இல் ஆட்டோ-டியூன் வந்தது. நிலநடுக்க அலைகளை வைத்து எண்ணெய் தேடும் கணக்குகளில் வேலை பார்த்த ஆண்டி ஹில்டிபிராண்ட் உருவாக்கியது. தவறிய சுரத்தை அது சரியான இடத்தில் நிறுத்தும். சரியான இடம் எது? வழக்கமாக அது பியானோவின் இடம்தான். பக்கத்துக் குரலைக் கேட்டு இறங்கி வந்த அந்த 14 கூறையும் இயந்திரம் தூக்கிப் பழைய இடத்தில் வைத்துவிடுகிறது. இன்றைய பாட்டுகளிலும் பின்னணியில் குரல்கள் அடுக்கடுக்காகத்தான் ஒலிக்கின்றன. பெரும்பாலும் அவை எல்லாம் ஒரே பாடகரின் குரல். ஒவ்வொன்றும் கனகச்சிதம். ஆனாலும் எனக்கு அவற்றில் மணியோசை கேட்பதில்லை. கொரியாவின் பாப் குழுக்களில் ஏழு பேர், ஒன்பது பேர் இருந்தாலும் முறை வைத்து வரிவரியாகத்தான் அதிகம் பாடுகிறார்கள்.

லண்டனைச் சேர்ந்த ஜேக்கப் கோலியர் பெரிய வித்தகர், இயற்கையான காந்தாரத்தின் அருமை தெரிந்தவர். தன் வீட்டு அறையிலேயே எல்லாக் குரலையும் தானே பாடி, எல்லா வாத்தியமும் தானே வாசித்து, 2016இல் ஒரு ஆல்பம் வெளியிட்டார். அதன் பெயர் 'இன் மை ரூம்'. பீச் பாய்ஸ் 1963இல் பாடிய பாட்டின் பெயர் அது, ஆல்பத்திலும் அந்தப் பாட்டு உண்டு. பிரையன் அதைத் தனியாகத் தொடங்குவார். அடுத்தடுத்துத் தம்பிகள் வந்து சேர்ந்துகொள்வார்கள். மூவரும் சிறுவயதில் ஒரே அறையில் படுத்து வளர்ந்தவர்கள். கோலியரின் பாட்டு வியக்க வைக்கிறது. எனக்குத் தம்பிகள் வந்து சேரும் அந்த இடம்தான் வேண்டும்.

குழுக்கள் அடியோடு ஒழிந்துவிடவில்லை. பாய்ஸ் டூ மென் இன்றும் மேடை ஏறுகிறார்கள், மூன்று பேராக. அடிக்குரல் பாடிய மைக்கேல் மெக்கேரி 2003இல் உடல்நலம் குன்றி விலகிய பிறகு அந்த இடத்துக்கு யாரும் வரவில்லை. டெக்சாஸில் தொடங்கிய பெண்டாடோனிக்ஸ் வாத்தியமே இல்லாமல் பாடி மூன்று கிராமி விருதுகள் வாங்கியது. 2017இல் அவர்களுடைய அடிக்குரல்காரர் ஆவி கேப்லன் விலகியபோது மாட் சாலியைத் தேடிப்பிடித்து ஐவராகவே நீடித்தார்கள். அந்த ஒரு முடிவுக்காகவே அவர்களை எனக்குப் பிடிக்கும். என்றாலும் அவர்களுக்குப் பேர் வாங்கித் தந்தவை பெரும்பாலும் பிறர் பாட்டுகளும் கிறிஸ்துமஸ் பாட்டுகளும்தான். அமெரிக்கக் கல்லூரிகளில் இப்படி வாத்தியமின்றிப் பாடும் மாணவர் குழுக்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. கேட்கத் தெரிந்த காதுகளுக்கு அங்கே குறைவில்லை. பட்டம் வாங்கியதும் ஆளுக்கொரு ஊராக வேலைக்குப் போய்விடுகிறார்கள். அவர்களில் நாலு பேரை ஊரைவிட்டுப் போகாமல் நிறுத்தி, அவர்களுக்கென்றே புதுப் பாட்டு எழுதிக்கொடுத்து, இரண்டு மூன்று வருடம் பொறுத்திருக்க ஒரு நிறுவனம் முன்வர வேண்டும். மோட்டவுன் அதைத்தான் செய்தது.