‘‘உங்களைப் பற்றிச் சொல்லுங்க!’’ என்றதும் திணறுவது ஏன்? இண்டர்வியூவுக்குப் போகும் இளைஞர்களுக்கு யோசனை

காலை 8 மணி. கிண்டி ரெயில் நிலையம். தாம்பரம் பக்கம் இருந்து வரும் மின்சார ரெயில் நிற்கிறது. கூட்டத்தோடு கூட்டமாகச் சில இளைஞர்கள் இறங்குகிறார்கள். தேய்த்த சட்டை. கையில் பைல். வாய் ஏதோ முணுமுணுக்கிறது.

மந்திரம் அல்ல. இண்டர்வியூவில் சொல்ல வேண்டிய பதில்!

1958-ம் ஆண்டு தொடங்கிய தொழிற்பேட்டையும், பிறகு வந்த கண்ணாடிக் கட்டிடங்களும் உள்ள பகுதி இது. இந்த முகங்களை இங்கே அடிக்கடி பார்க்கலாம். மாலையில் அதே ரெயிலில் திரும்பும்போது சிலர் முகத்தில் சிரிப்பு. பலர் முகம் வாடிக் கிடக்கும். ‘‘தெரிஞ்ச கேள்விதான் சார். வாய் வரலை’’ என்பார்கள்.

ஏன் வரவில்லை?

இரவல் பதில்

முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். ‘‘உங்களைப் பற்றிச் சொல்லுங்க.’’

இதற்கு யாரோ எழுதிக் கொடுத்த இங்கிலீஷ் பதிலை மனப்பாடம் செய்து போகிறார்கள். ‘நான் கடின உழைப்பாளி, நேர்மையானவன்’ என்று கிளிப்பிள்ளை போல ஒப்பிக்கிறார்கள். எதிரே இருப்பவர் காலையில் இருந்து அதையே பலரிடம் கேட்டு அலுத்துப்போய் இருப்பார். நடுவில் குறுக்குக் கேள்வி ஒன்று போடுகிறார். அவ்வளவுதான், ஒப்பித்தது மறந்து போகிறது.

ஓர் உதாரணம் பார்ப்போம். கணக்கு எழுதும் வேலைக்கு ஒரு பி.காம். பட்டதாரி போகிறார். படிப்பு முடிந்து 2 வருஷம் ஆகிறது.

‘‘2 வருஷமா என்ன பண்ணிட்டு இருந்தீங்க?’’

‘‘சும்மாதான் சார் இருந்தேன்.’’

கதை முடிந்தது!

உண்மை என்ன? அப்பா படுத்த படுக்கை. மளிகைக் கடையைக் கவனித்தது இந்தப் பையன்தான். சரக்கு எடுத்தது, பாக்கி வசூலித்தது, ஜி.எஸ்.டி. கணக்குக்கு பில்களை அடுக்கிக் கொடுத்தது எல்லாம் அவர்தான். கணக்கு எழுதும் வேலைக்கு இதைவிட என்ன அனுபவம் வேண்டும்? கடையில் நின்றதைச் சொல்ல வெட்கம்!

‘‘அப்பாவுக்கு உடம்பு சரியில்லை சார். கடையை நான்தான் பார்த்தேன். வரவு-செலவு எழுதினேன்’’ என்று சொல்லி இருந்தால், எதிரே இருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்து இருப்பார். ‘எவ்வளவு சரக்கு, எப்படி வசூல்’ என்று மேலே கேட்டு இருப்பார். அதற்கும் பதில் தானாக வந்திருக்கும். தான் செய்த வேலையைச் சொல்ல மனப்பாடம் எதற்கு?

முதல் நாள் வேலை

இண்டர்வியூவுக்கு முதல் நாளே பாதி வேலையை முடித்து விடலாம்.

நீங்கள் அனுப்பிய மனுவை நீங்களே ஒரு முறை படியுங்கள். கேள்விகள் அதில் இருந்துதான் கிளம்பும். ‘கம்ப்யூட்டரில் கணக்கு போடத் தெரியும்’ என்று எழுதி இருந்தால், ‘உட்கார்ந்து போட்டுக் காட்டு’ என்பார்கள். தெரியாததை எழுதாதீர்கள்.

அந்தக் கம்பெனி என்ன செய்கிறது, என்ன விற்கிறது என்று போனிலேயே பார்த்துக் கொள்ளுங்கள். அரியர் வைத்தது, பாதியில் வேலையை விட்டது போன்ற சங்கடமான கேள்விகளுக்கு உண்மையான பதிலை வீட்டில் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மனசுக்குள் சொல்வது வேறு, வாயால் சொல்வது வேறு.

ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டைக் காட்டலாம். ஜெராக்ஸ் கொடுக்கலாம். ஒரிஜினலைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். அரை மணி முன்னதாகப் போய்ச் சேரும்படி கிளம்புங்கள். காலி வயிறோடு போக வேண்டாம்.

உள்ளே போனதும்...

கேள்வியை முழுதாகக் கேளுங்கள். புரியாவிட்டால், ‘‘இன்னொரு தடவை சொல்லுங்க சார்’’ என்று கேட்பதில் தவறு இல்லை. பதில் தெரியாவிட்டால், ‘‘தெரியாது சார், கத்துக்கிறேன்’’ என்று சொல்லி விடுங்கள். சுற்றி வளைத்தால் மாட்டிக் கொள்வீர்கள்.

சம்பளம் பற்றிப் பேச்சு வந்தால், கையில் எவ்வளவு வரும் என்று கேளுங்கள். பி.எப். உள்ள இடத்தில் அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படியில் பொதுவாக 12 சதவீதம் பிடிப்பார்கள். ரெயில் பாஸ், சாப்பாட்டுச் செலவையும் கணக்கு பார்த்துவிட்டுச் சம்மதம் சொல்லுங்கள்.

பணம் கேட்டால் ஓடி வாருங்கள்!

எல்லா வேலைக்கும் இண்டர்வியூ கிடையாது. மத்திய அரசின் ‘சி’ பிரிவுப் பதவிகளுக்கும், ‘பி’ பிரிவில் கெசட் அந்தஸ்து இல்லாத பதவிகளுக்கும் 2016-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி முதல் இண்டர்வியூ ரத்து. ஐ.பி.பி.எஸ். நடத்தும் பாங்கி கிளார்க் தேர்விலும் இண்டர்வியூ இல்லை. அதே ஐ.பி.பி.எஸ். நடத்தும் அதிகாரி தேர்வில் உண்டு. ஐ.ஏ.எஸ். தேர்வில் மொத்தம் 2,025 மார்க். அதில் இண்டர்வியூவுக்கு 275.

ஆகவே, ‘‘ரெயில்வேயில் கடைநிலை ஊழியர் வேலை, இண்டர்வியூவில் ஆள் இருக்கு, 2 லட்சம் கொடு’’ என்று ஒருவர் வந்தால் என்ன அர்த்தம்? இல்லாத இண்டர்வியூவுக்கு விலை பேசுகிறார்! ‘டெபாசிட் கட்டு, ஆர்டர் வரும்’ என்று போனில் கேட்பவர்களும் இதே ரகம்தான். அம்மாவின் நகை அடகுக்குப் போகும் இடம் இதுதான். ஆன்லைனில் பணம் பறிபோனால் உடனே 1930 எண்ணுக்குப் போன் செய்யுங்கள். தாமதம் ஆக ஆகப் பணத்தைப் பிடிப்பது கஷ்டம்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

வேலை கிடைக்காவிட்டால் அன்றே உட்கார்ந்து, என்னென்ன கேட்டார்கள், எங்கே திணறினோம் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த இண்டர்வியூவுக்கு அதுதான் பாடப்புத்தகம்.

பெற்றோரே! பிள்ளை வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ‘‘என்னடா, கிடைச்சுதா?’’ என்று கேட்காதீர்கள். ‘‘சாப்பிட்டியா?’’ என்று கேளுங்கள். மற்றதை அவனே சொல்வான்.