திருநங்கைகளுக்கான யோனி அமைப்பு அறுவைச் சிகிச்சை

யோனி அமைப்பு அறுவைச் சிகிச்சை (வெஜைனோபிளாஸ்டி) என்பது, விரும்பும் திருநங்கைகளுக்குப் புதிதாக யோனியை உருவாக்கும் அறுவை முறை ஆகும். மலக்குடலுக்கும் சிறுநீர்ப்பைக்கும் இடையே குழி ஒன்று உண்டாக்கப்படுகிறது. அதன் உட்சுவருக்கு எத்திசுவைப் பயன்படுத்துவது என்பதிலேயே முறைகள் வேறுபடுகின்றன. எம்முறையிலும் புரோஸ்டேட் சுரப்பி அகற்றப்படுவதில்லை.

== ஆண்குறித் தோல் முறை ==
பிரெஞ்சு மருத்துவர் ஜார்ஜ் புரூ 1956 முதல் மொரோக்கோவின் காசாபிளாங்கா நகரில் கையாண்ட முறை இது. ஆண்குறியின் தோல், கையுறை விரலைத் திருப்புவது போல உட்புறமாகத் திருப்பப்பட்டுக் குழியின் சுவராக்கப்படுகிறது. இக்காலத்தில் மொட்டின் ஒரு பகுதி, நரம்புகளுடன் காக்கப்பட்டுப் பெண்குறிக்காம்பாக அமைக்கப்படுகிறது. வயிற்றைத் திறக்கத் தேவையில்லை. எனினும் இத்தோல் ஈரம் சுரக்காது, சுருங்கவும் கூடும். ஆகவே விரிப்பான் கருவியை முதல் மாதங்களில் நாள்தோறும் பலமுறை பயன்படுத்த வேண்டும். தோல் போதாதவிடத்து விதைப்பைத் தோல் ஒட்டப்படும். மயிர்வேர்களை நீக்காவிடில் உள்ளே மயிர் வளரும்.

== குடல் முறை ==
பெருங்குடலின் சிக்மாய்டு பகுதியிலிருந்து ஒரு துண்டு, இரத்தக்குழாய்களுடன் கீழிறக்கப்படுகிறது. போதிய ஆழமும் இயற்கையான ஈரமும் கிடைக்கின்றன. ஆனால் சுரப்பு மிகுந்து தொல்லை தரலாம். குடல் இணைப்பில் கசிவு ஏற்பட்டால் உயிருக்கே ஆபத்தாகும்.

வயிற்றறையின் உட்சவ்வைப் பயன்படுத்தும் முறையும் உண்டு. யோனியின்றிப் பிறந்த பெண்களுக்குச் செய்யப்பட்டு வந்த இம்முறை, திருநங்கையரிடையே அண்மைக்காலத்தில்தான் பரவியது.

== தமிழ்நாட்டில் ==
மரபு வழியில் செய்யப்படும் விரை, ஆண்குறி நீக்கம் 'நிர்வாணம்' எனப்படுகிறது. இதனைத் தாயம்மா எனப்படும் மூத்த திருநங்கையோ, சில ஊர்களில் மருத்துவர்களோ செய்து வந்தனர். தமது அறுவை அனுபவத்தை லிவிங் ஸ்மைல் வித்யா, 'நான் வித்யா' (2007) என்ற தன்வரலாற்றில் பதிவு செய்துள்ளார். நிர்வாணத்தில் யோனி அமைக்கப்படுவதில்லை. குருதியிழப்பும் தொற்றும் உயிரைப் பறிக்கலாம். சிறுநீர்த் துளை சுருங்குவதும் உண்டு.

இதில் அதிகம் கவனிக்கப்படாத விளைவு ஒன்றுள்ளது. நிர்வாணத்தில் வெட்டி எறியப்படும் தோலும் மொட்டுமே முதல் முறைக்கான மூலப்பொருள் ஆகும். எனவே பின்னாளில் யோனி வேண்டுவோருக்குப் பெரும்பாலும் குடல் அல்லது வயிற்றுச் சவ்வு முறையே எஞ்சுகிறது. இழந்த மொட்டின் உணர்வை இவை மீட்டுத் தருவதில்லை.

தமிழ்நாட்டில் 2008ஆம் ஆண்டு அரவாணிகள் நல வாரியம் அமைக்கப்பட்டது. அதையொட்டிய ஆண்டுகளில், சென்னை கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளிட்ட அரசு மருத்துவமனைகளில் பாலின மாற்று அறுவை கட்டணமின்றிச் செய்யப்படலாயிற்று. உட்குழி அமைக்காமல் வெளியுறுப்பை மட்டும் பெண்ணுறுப்பின் தோற்றத்தில் அமைத்துக் கொள்வோரும் உளர். அவர்களுக்கு விரிப்பான் தேவைப்படுவதில்லை.