ஆளில்லாத ஊருக்கு ஏரி தங்காது

வாலாஜாபாத்திலிருந்து சுங்குவார்சத்திரம் போகும் சாலையில் இருக்கிறது தென்னேரி. ஊருக்கும் ஏரிக்கும் ஒரே பெயர். காஞ்சிபுரம் மாவட்டத்துப் பெரிய ஏரிகளில் இதுவும் ஒன்று. ஐப்பசி, கார்த்திகை மழை ஏமாற்றாத வருடத்தில் கரைமேல் ஏறி நின்றால் கண்ணுக்கு எட்டிய தூரம்வரை தண்ணீர்தான். தொண்டைமான் இளந்திரையன் பெயரோடு சேர்த்து இதைத் ‘திரையன் ஏரி’ என்று சொல்லும் மரபு உண்டு. பத்துப்பாட்டில் ஒன்றான பெரும்பாணாற்றுப்படைக்குப் பாட்டுடைத் தலைவன் அந்த இளந்திரையன்.

இந்த ஏரியைச் சுற்றிய நாடு இன்று ஆள் நெருக்கம் மிகுந்தது. 2011 கணக்கெடுப்பில் அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 40 லட்சம். ஒரு சதுர கிலோமீட்டருக்கு 892 பேர். தமிழகத்தின் சராசரியோ 555தான். ஆனால் 1780-களில் இதே மண்ணில் ஊர் ஊராக வீடுகள் வெறிச்சோடிக் கிடந்தன. வயல்களில் முள் மண்டியிருந்தது. அந்த நாடு எப்படிக் காலியானது, எப்படி மறுபடி நிறைந்தது என்று தேடிப் போனால் கடைசியில் ஏரிக்கரையில்தான் வந்து நிற்க வேண்டியிருக்கிறது.

சரிவும் பாறையும் மழையும்

முதலில் நிலத்தைப் பார்ப்போம். மேற்கேயிருந்து கடலை நோக்கி மெல்லச் சரியும் சமவெளி இது. சரிவு இருப்பதே கண்ணுக்குத் தெரியாது. ஓடும் தண்ணீருக்கு மட்டும் தெரியும். பாலாறு, செய்யாறு, வேகவதி எல்லாம் மழைக்காலத்து ஆறுகள். மற்ற மாதங்களில் பாலாறு மணலாகக் கிடக்கும். நீர் மணலுக்கு அடியில் ஓடும். பல இடங்களில் மேல்மண்ணுக்குக் கீழே கடும்பாறை இருக்கிறது. அதன் வெடிப்புகளில் தேங்கும் நீரை மட்டும் நம்பிப் பெரிய விவசாயம் செய்ய முடியாது.

மழை குறைவா என்றால், இல்லை. ஆண்டுக்குச் சுமார் 1,200 மில்லிமீட்டர். ஆனால் அதில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவமழையாக ஒரு சில வாரங்களில் கொட்டித் தீர்த்துவிடும். புயல் வந்தால் ஒரே நாளில் 200 மில்லிமீட்டர்கூடப் பெய்யும். பிடித்து வைக்க ஏற்பாடு இல்லையென்றால் இரண்டு மூன்று நாளில் எல்லாம் கடலுக்குப் போய்விடும். மலை இடுக்கு இருந்தால் குறுக்கே அணை கட்டலாம். இங்கே அப்படிப்பட்ட இடுக்கும் இல்லை.

இதற்குத் தொண்டை நாட்டார் கண்ட வழிதான் ஏரி. தண்ணீர் சரிந்து வரும் பக்கத்தில் கரை போடுவதில்லை. அது இறங்கிப் போகும் பக்கத்தில் மட்டும், எட்டாம் நாள் பிறையைப் போல வளைத்து ஒரு மண் கரை. மற்ற பக்கங்களை நிலத்தின் உயரமே அடைத்துக்கொள்ளும். குறைந்த மண்ணில் நிறைந்த தண்ணீரை நிறுத்தும் வடிவம் இது. நீரைக் கொண்டுவர வரத்துக்கால், வயலுக்கு விட மதகு, மிஞ்சியதை வெளியேற்றக் கலங்கல். ஒரு ஏரியின் கலங்கலில் வழிந்தது வீணாவதில்லை. அடுத்த ஏரியின் வரத்துக்காலில் போய்ச் சேரும். இப்படி ஏரிக்குக் கீழே ஏரியாகத் தொடர்ந்து போய் எஞ்சியதுதான் ஆற்றையோ கடலையோ அடையும். தமிழகத்தில் இப்படிப்பட்ட ஏரிகள் சுமார் 39,000 என்பார்கள். அவை மிக நெருக்கமாக அமைந்த பகுதிகளில் ஒன்று, காஞ்சியும் அடங்கியிருந்த பழைய செங்கல்பட்டு மாவட்டம்.

ஒரு ஹெக்டேர் கணக்கு

ஒரு ஹெக்டேர் பரப்பில் ஒரு மீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் நின்றால் அது 10,000 கன மீட்டர். அதாவது ஒரு கோடி லிட்டர். ஒரு ஹெக்டேர் நெல், நாற்று விட்டதிலிருந்து அறுப்புவரை குடிப்பதும் ஏறத்தாழ இவ்வளவுதான். ஆகவே மீட்டர் ஆழத்துக்கு நிற்கும் ஏரி, தன் நீர்ப்பரப்பின் அளவுள்ள ஆயக்கட்டை ஒரு போகம் காப்பாற்றும். வயலில் நேராகப் பெய்யும் மழையும் சேர்ந்தால் இன்னும் கூடுதலாகவே காப்பாற்றும். இதற்கிடையே வெயில் நாளொன்றுக்கு நான்கைந்து மில்லிமீட்டரை உறிஞ்சிக்கொள்ளும்; கொஞ்சம் மண்ணுக்குள் இறங்கும். இறங்கியதும் வீணல்ல, கீழே உள்ள கிணறுகளில் ஊறி வரும்.

இந்தக் கணக்கிலிருந்தே ஊரின் அளவும் வந்துவிடுகிறது. கரை எவ்வளவு உயரமோ அவ்வளவு தண்ணீர். தண்ணீருக்கு ஏற்ற நெல். நெல்லுக்கு ஏற்ற வாய்கள். உழுபவர் மட்டுமல்ல, தச்சர், கொல்லர், குயவர், வண்ணார், கணக்குப்பிள்ளை எல்லாருக்கும் களத்து நெல்லிலிருந்தே பங்கு போகும். அதற்கு மேரை என்று பெயர். மதகைத் திறந்து மூடி வயலுக்கு நீர் பாய்ச்சும் நீர்க்கட்டிக்கும் அதில் பங்கு உண்டு. காஞ்சியிலும் அய்யம்பேட்டையிலும் முத்தியால்பேட்டையிலும் தறி ஓட்டிய நெசவாளர் வீட்டு உலையும் இந்த நெல்லை நம்பித்தான் கொதித்தது.

ஏரியைப் பாதுகாப்பது சோழர் காலத்தில் ஊராட்சியின் முக்கிய வேலை. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிய கல்வெட்டுகள் குடவோலை முறையைச் சொல்கின்றன. அந்த முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டவற்றில் ஒன்று ஏரி வாரியம். ஏரிப் பராமரிப்புக்கென்றே விடப்பட்ட நிலம் ஏரிப்பட்டி எனப்பட்டது. ஏரிகளில் தூர் வார ஓடங்களும் வைத்திருந்தார்கள்.

ஓலையில் எழுதிய நாடு

1763-ல் ஆற்காட்டு நவாப் முகமது அலி, காஞ்சியும் செங்கல்பட்டும் அடங்கிய நாட்டைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். தன் கைக்கு வந்தது என்ன என்று கம்பெனி தெரிந்துகொள்ள விரும்பியது. தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் 1767 முதல் 1774 வரை சுமார் 2,000 ஊர்களை அளந்தார். நன்செய், புன்செய், காடு, மேய்ச்சல், ஏரி, குளம் என நிலத்தின் வகைகளும், எந்தத் தொழில் செய்பவர்க்கு எத்தனை வீடு என்பதும், விளைச்சலில் யாருக்கு என்ன பங்கு என்பதும் பதிவாயின. அதற்கு அடிப்படை, ஊர்க் கணக்குப்பிள்ளைகள் தமிழில் எழுதி வைத்த ஓலைக் கணக்குகள். இரு நூற்றாண்டு கழித்து இந்த ஆவணங்களைக் காந்தியச் சிந்தனையாளர் தரம்பால் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். ஓலைகளில் ஒரு பகுதி தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் உள்ளது.

இந்தியாவில் முறையான மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தொடங்குவதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே, ஒரு நாடு வீடு வீடாகக் கணக்கில் ஏறியது பெரிய வியப்பு. அந்தக் கணக்கு முடிந்த ஆறே ஆண்டில் அந்த நாடு சிதறிப் போனது அதைவிடப் பெரிய துயரம்.

1780

அந்த ஆண்டு ஜூலையில், கம்பெனியோடு போர் தொடுத்த மைசூர் ஹைதர் அலியின் படை செங்கம் கணவாய் வழியே இறங்கியது. செப்டம்பர் 10 அன்று காஞ்சிக்கு வடக்கே புள்ளலூரில் கம்பெனியின் கர்னல் பெய்லி படை அழிந்தது. காஞ்சியில் இருந்த மன்றோவின் படை சென்னைக்குப் பின்வாங்கியது. கோட்டைக்கு அரிசி போகாமல் தடுக்க, சென்னையைச் சுற்றிய நாட்டைப் பாழாக்குவதுதான் ஹைதரின் திட்டம். பயிர் எரிந்தது, மாடுகள் ஓட்டிச் செல்லப்பட்டன, மக்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு சென்னைக்கு ஓடினார்கள்.

அங்கேயும் சோறு இல்லை. அரிசி வங்காளத்திலிருந்து கடல் வழியே வர வேண்டியிருந்தது. 1782 அக்டோபர் புயலில் அரிசிக் கப்பல்கள் சென்னைக் கரையில் உடைந்தன. பஞ்சத்தில் தவித்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றத் தொடங்கிய மணியக்காரர் சத்திரம்தான் பின்னாளில் ஸ்டான்லி மருத்துவமனையானது. வடசென்னையில் பெரியவர்கள் அதைக் ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ என்று சொன்னதற்குக் காரணம் இந்தப் பஞ்சம்தான்.

1784-ல் போர் முடிந்தது. ஓடியவர்கள் உடனே திரும்பி வந்து ஏர் பூட்டியிருக்கலாமே என்று தோன்றும். அது அவ்வளவு எளிதாக நடக்கவில்லை. காரணம் மண் கரையில் இருக்கிறது.

கரை ஏன் ஆளைக் கேட்கிறது

மண் கரை ஆண்டுதோறும் கவனிப்பு கேட்கும் பொருள். எலியும் நண்டும் வளை தோண்டும். அந்த வளைக்குள் நீர் புகுந்தால் மண்ணை அரித்துக்கொண்டு மறுபக்கம் வெளியேறும். விரலளவு ஓட்டை ஓரிரவில் வண்டி போகும் அளவு வாயாகிவிடும். கலங்கல் அடைபட்டால் நீர் கரைமேல் ஏறி வழியும். வழிந்த இடம் அறுத்துக்கொள்ளும். மேல் ஏரி உடைந்தால் அதன் தண்ணீர் மொத்தமும் கீழ் ஏரிமேல் பாயும். அப்போது ஏரித்தொடரே முழுவதும் போய்விடும். மழை இரவில் கரைமேல் நடந்து பார்க்க ஆளும், கூப்பிட்ட குரலுக்கு மண்வெட்டியோடு ஓடிவர ஊரும் வேண்டும். குடிமராமத்து என்ற வழக்கத்தின் உயிர் அதுதான்.

உடைந்த பிறகு என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 20 மீட்டர் நீளம், 4 மீட்டர் உயரம், சராசரியாக 8 மீட்டர் அகலம் உள்ள ஓர் உடைப்பு என்று வைத்துக்கொள்வோம். அடைக்க 640 கன மீட்டர் மண் வேண்டும். கைவேலையில் ஒருவர் ஒரு நாளில் வெட்டிச் சுமந்து கொட்டுவது இரண்டு கன மீட்டர் என்றால் 320 ஆள்-நாள். நூறு பேர் உள்ள ஊர் இதை நான்கு நாளில் முடித்துவிடும். ஐந்து பேர் திரும்பி வந்தால் இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். அதுவரை அவர்கள் உண்பது எதை? ஏரி இல்லாமல் நெல் இல்லை, நெல் இல்லாமல் ஆள் இல்லை, ஆள் இல்லாமல் ஏரி இல்லை. ஊரில் ஆள் ஓர் அளவுக்குக் கீழே குறைந்துவிட்டால், அந்த ஊர் தானாக எழுந்து நிற்காது.

ஆள் குறைந்த நிலம் என்றாலே இயற்கை வறுமை என்று எண்ணிவிடக் கூடாது. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் லவிங் கவுன்ட்டி என்றொரு மாவட்டம் இருக்கிறது. சுமார் 1,750 சதுர கிலோமீட்டர். 2020 கணக்கெடுப்பில் அங்கே இருந்தவர்கள் 64 பேர். பாலைக்கு அருகிலான வறண்ட நிலம் அது. எப்போதும் மழை அற்பம். தொண்டை நாடு அப்படியல்ல. மழை பெய்தபடியேதான் இருந்தது. நிறுத்தி வைக்கும் கரைதான் இல்லாமல் போனது.

நாடு மறுபடி நிறைந்தது

இந்தச் சுழலை உடைக்க வெளியிலிருந்து ஒரு கை தேவைப்பட்டது. 1794-ல் ஜாகீரின் கலெக்டரான லயனல் பிளேஸ் கடுமையான மனிதர். மிராசுதார்களோடு ஓயாமல் மோதினார். அவர் குறி வரி வசூல். ஆனால் வரி வேண்டுமென்றால் நெல் வேண்டும், நெல் வேண்டுமென்றால் ஏரி வேண்டும் என்று அவருக்குப் புரிந்திருந்தது. ஏரிகளைச் செப்பனிட்டார். உழவர்களுக்குத் தக்காவி முன்பணம் கொடுத்தார். மதுராந்தகம் ஏரிக்கரையை ராமர் காத்தார் என்று இன்றும் சொல்லப்படும் கதையில் வரும் துரை இவர்தான். பறவைகளின் எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரம் என்பதை அறிந்து வேடந்தாங்கல் மக்கள் பறவைகளைக் காத்து வந்தார்கள். அந்த உரிமைக்கு 1798-ல் கவுல் என்னும் உரிமைச் சீட்டு எழுதிக் கொடுத்தவரும் பிளேஸ்தான்.

கரை நின்றது, ஆள் வந்தது. 1901 கணக்கெடுப்பில் செங்கல்பட்டு மாவட்டத்தின் மக்கள்தொகை சுமார் 13 லட்சம். 1876–78 பெரும் பஞ்சத்தையும் தாண்டி வந்த எண்ணிக்கை இது.

இன்றைய நிலை

இப்போது ஆளுக்குப் பஞ்சமில்லை. ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் தொழிற்சாலைகள் நிறைந்திருக்கின்றன. ஆனால் கரைமேல் நடக்க ஆள் குறைந்துவிட்டது. ஆழ்துளைக் கிணறு வந்தபின் மதகின் அருமை மறந்தது. ஆயக்கட்டு மனைகளாகிறது, வரத்துக்கால் சாலைக்கு அடியில் மறைகிறது, ஏரிக்குள் சீமைக்கருவேலம் ஏறுகிறது. பரந்தூர் விமான நிலையத்துக்கென வரையப்பட்ட பரப்புக்குள்ளும் ஏரிகள் இருக்கின்றன. தொடரில் ஒரு ஏரியை எடுத்தால் அதற்குக் கீழே உள்ள எல்லா ஏரிகளின் கணக்கும் மாறும். 2015 டிசம்பர் வெள்ளம் தண்ணீருக்குப் போக வழி இல்லையென்றால் என்ன ஆகும் என்று காட்டியது. 2017-ல் அரசு குடிமராமத்து என்ற பெயரிலேயே ஒரு திட்டத்தைத் தொடங்கியது நல்ல காரியம். ஆனால் பணம் கரையை உயர்த்தும். மழை இரவில் கரையைச் சுற்றிப் பார்க்க ஊர்க்காரர்கள்தான் வேண்டும்.

ஆகவே வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர் ஏரியின் வரத்துக்கால் எங்கே தொடங்குகிறது, கலங்கல் நீர் எந்த ஏரிக்குப் போகிறது என்று இந்த வாரமே போய்ப் பாருங்கள். அடைபட்டிருந்தால், ஆக்கிரமிக்கப்பட்டிருந்தால், அடுத்த கிராம சபையில் எழுந்து கேளுங்கள். கேட்டதைத் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22-லும் தமிழகத்தில் கிராம சபை கூடுகிறது. ஏரியைப் பற்றிப் பேச அதைவிடப் பொருத்தமான நாள் இல்லை.