துளையிடும் இயந்திரம் வாங்குமுன்

வயலையும் கிணற்றையும் விட்டு இடம்பெயர்ந்த கமக்காரர் தம் கைப்பழக்கத்தை விட்டு வருவதில்லை. கலப்பையைத் திருத்தவும் நீரிறைக்கும் இயந்திரத்தைப் பொருத்தவும் பழகிய கைகளால் வீட்டோடு ஒரு சிறு பட்டறையை நடத்த முடியும். அத்தகைய பட்டறைக்குப் பலரும் விரும்புவது மேசையில் பூட்டும் துளையிடும் இயந்திரம். கைத்துறப்பணத்தால் தடித்த இரும்பில் நேராகத் துளையிடுவது கடினம். இந்த இயந்திரத்தால் அது இலகு. ஆனால் கடன்பட்டோ நகையை அடகு வைத்தோ வாங்கும் பொருள் இது. ஆகவே கடைக்குப் போகுமுன் சிலவற்றைச் சிந்திப்போம்.

1. எந்த வேலைக்கு?

உங்கள் அயலில் கிடைக்கக்கூடிய வேலைகளை ஒரு தாளில் எழுதுங்கள். பிணைச்சல், கேற், கலப்பைப் பூட்டு, மோட்டர் வைக்கும் தட்டு போன்றவற்றுக்கு வேண்டிய துளைகள் பெரும்பாலும் 6 முதல் 12 மில்லிமீற்றர் வரையானவை. 13 மில்லிமீற்றர் அலகைப் பிடிக்கும் சக்கும் அரைக் குதிரைவலு மோட்டரும் இவற்றுக்குப் போதும். நிலத்தில் நிற்கும் பெரிய இயந்திரம் உயரமான பொருட்களுக்கே உதவும். மேசை இயந்திரத்தை, மீண்டும் இடம் மாற நேர்ந்தால், இருவர் தூக்கிச் செல்லலாம். கிழமைக்கு நாலைந்து துளைதான் வரும் என்றால், கையில் பிடிக்கும் மின் துளைக்கருவியே போதும்.

2. குறைந்த வேகம் என்ன?

வாங்குவோர் மோட்டரின் வலுவைக் கேட்பர். மிகக் குறைந்த வேகத்தைக் கேட்க மறப்பர். சாதாரண இரும்புக்கு ஓர் எளிய கணக்கு உண்டு: 8000ஐ அலகின் மில்லிமீற்றர் அளவால் வகுத்தால், நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது ஏறத்தாழக் கிடைக்கும். 5 மில்லிமீற்றருக்கு 1600, 10க்கு 800, 12க்கு 670 அளவில். தடித்த அலகை அதிக வேகத்தில் ஓட்டினால் முனை சூடாகி நீலம் பாய்ந்து மழுங்கிவிடும். எனவே கப்பியில் பெல்ற்றை மாற்றி 500 சுற்று அளவுக்குக் குறைக்கக்கூடியதைத் தேர்ந்தெடுங்கள். மரத்துக்கு இதிலும் கூடிய வேகம் பொருந்தும்.

3. மின்சாரம் பொருந்துமா?

எமது வீடுகளுக்கு வருவது 230 வோல்ற், ஒற்றைக் கட்ட மின்சாரம். ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ற். அங்கிருந்து வந்த பழைய இயந்திரத்தை நேரடியாக இங்கே பூட்டினால் மோட்டர் எரிந்துவிடும். தொழிற்சாலைகளில் கழித்த இயந்திரங்கள் பல மூன்று கட்ட மின்சாரத்தில் ஓடுபவை. மோட்டரில் பதித்த தகட்டை வாசித்த பின்பே விலை பேசுங்கள். மோட்டர் புறப்படும்போது ஓடும்போதிலும் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். ஜெனறேற்றரில் ஓட்ட எண்ணுவோர் முதலில் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

4. பழையதைச் சோதிப்பது எப்படி?

மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, நேரான உருக்குக் கம்பி ஒன்றைச் சக்கில் பூட்டுங்கள். அதன் அருகே மேசையில் ஓர் ஆணியை நிறுத்திச் சக்கைக் கையால் சுற்றுங்கள். கம்பிக்கும் ஆணிக்கும் உள்ள இடைவெளி மாறினால் சக்கோ சுழல்தண்டோ கோணல். அடுத்து, சுழல்தண்டைக் கீழே இறக்கிப் பக்கவாட்டில் அசையுங்கள். ஆடினால் தேய்ந்துவிட்டது. மேசையில் மூலைமட்டத்தை வைத்து, கம்பி செங்குத்தாக நிற்கிறதா என்றும் பாருங்கள். பெல்ற்றும் சுவிச்சும் பழுதென்றால் சிறு செலவுடன் மாற்றலாம். தேய்ந்த சுழல்தண்டுள்ள இயந்திரம் மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

5. கையிருப்பு முழுவதையும் செலவிடாதீர்

நல்ல அலகுகள், பொருளை இறுக்கும் வைஸ், கண்ணாடி ஆகியவற்றுக்கும் பணம் ஒதுக்குங்கள். கையால் பிடித்த தகட்டை அலகு பற்றிச் சுழற்றினால் விரல் போய்விடும். கையுறை அணியாதீர், தலைமுடியையும் சேலைத் தலைப்பையும் இறுகக் கட்டுங்கள், சக்கின் சாவியைக் கழற்றிய பின்பே சுவிச்சைப் போடுங்கள்.

ஒரு வீட்டுக்குப் போதிய வேலை இல்லாவிடின் மூன்று நான்கு குடும்பங்கள் சேர்ந்து வாங்கலாம். இயந்திரம் யார் வீட்டில் இருப்பது, மின்கட்டணம் யார் கட்டுவது, அலகு உடைந்தால் யார் பொறுப்பு என்பவற்றை முற்பணம் கொடுக்குமுன் எழுதி எல்லோரும் ஒப்பமிடுங்கள். பின்னர் வரும் மனக்கசப்பை அது தவிர்க்கும்.